பின்னால் உட்கார்ந்திருந்தவர்

இந்தக் கயிற்றைத்தானே பார்க்கிறீர்கள்? பாருங்கள், பரவாயில்லை. நாகர்கோவிலில் ஏறியதிலிருந்து உங்கள் கண் என் கழுத்துக்கே வந்துகொண்டிருக்கிறது. மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு கட்டிக்கொண்டு திரிகிற ஆண்பிள்ளை இந்தக் காலத்தில் அபூர்வம்தான். எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைக் ‘கயிறு சார்’ என்று கூப்பிடுவதாகக் கேள்வி. கூப்பிடட்டும். ஒரு கண்ணாடியைக் கடலுக்குக் கொடுத்தவன் இரண்டாவதைக் கட்டித்தான் வைப்பான்.

கோயம்புத்தூர் வரைக்குமா? நானும் அங்கேதான். அப்படியென்றால் சொல்ல நேரம் இருக்கிறது. இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் இதுவரை இல்லை. ஆசிரியர் அறையில் சொல்லியிருக்கிறேன், முடி வெட்டுகிற கடையில் சொல்லியிருக்கிறேன். போன மாதம் இதே வண்டியில் ஒரு இன்ஷூரன்ஸ்காரரிடம் சொன்னேன். அவர் பாலிசியைப் பற்றிப் பேசவே மறந்து இறங்கிப் போனார்.

என் பெயர் ஜெபசிங். இயற்பியல் வாத்தியார். மிதத்தல் விதியைப் பல வருஷமாக நடத்துகிறவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் தண்ணீரில் விழும்போது உங்களுக்குச் சிரிக்க வசதியாக இருக்கும்.

கயாக் என்று ஒரு படகு. படகு என்று சொல்வதே மரியாதைக்குத்தான். நீளமான பிளாஸ்டிக் தொட்டி, ஆரஞ்சு நிறம், உட்கார இரண்டு குழி. கையில் ஒரு துடுப்பு கொடுப்பார்கள், இரண்டு முனையிலும் தட்டை. முட்டத்திலிருந்து புறப்பட்டு, பாறைகளை ஒட்டியே கடியப்பட்டணம் ஆற்றுவாய் வரைக்கும் போய், அங்கே மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, வந்த வழியே திரும்ப வேண்டும். கூட ஒரு வழிகாட்டி வருவார். எங்கள் கல்யாண வெள்ளிவிழாவுக்கு என் மகள் ஜெனி பெங்களூரிலிருந்து அனுப்பிய பரிசு இது. மற்ற வீடுகளில் பிள்ளைகள் மிக்ஸி அனுப்புகிறார்கள்.

“அப்பா, ரெண்டு பேரும் ஒரே படகுல போகணும். அதுல ஒழுங்கா திரும்பி வந்தா உங்க கல்யாணம் ஸ்ட்ராங்குன்னு அர்த்தம்” என்றாள் போனில். பிள்ளைகள் இப்போது அப்பா அம்மாவுக்குப் பரீட்சை வைக்கிறார்கள், சார்.

நீங்கள் முட்டம் போயிருக்கிறீர்களா? அங்கே கடற்கரை பாதி மணல், பாதி பாறை. யாரோ பெரிய வீடு கட்டப்போகிறேன் என்று கருங்கல்லைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, பிறகு மனசு மாறிப் போய்விட்ட மாதிரி இருக்கும். ஆடி மாதத்தில் அந்தப் பக்கம் யாரும் படகைத் திருப்ப மாட்டார்கள். நாங்கள் போனது தை மாதம். கடல் குழந்தை மாதிரி கிடந்தது. நான் விழுந்ததற்குக் கடலைக் குறை சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மீதி புரியாது. என் மனைவி ஹெப்சிபா, ஹெப்சி என்று கூப்பிடுவேன், அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த வாரம்தான் அவளுக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. நர்சிங் சூப்பிரண்டு. ஆனால் கோயம்புத்தூரில். ஏற்றுக்கொள்கிறாளா, வேண்டாம் என்கிறாளா என்று திங்கட்கிழமை எழுதிக் கொடுக்க வேண்டும். படகு சனிக்கிழமை.

வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள், “என்ன செய்யட்டும்?”

“உன் இஷ்டம்” என்றேன்.

வேறு என்ன சொல்ல வேண்டும், சொல்லுங்கள்? நான் யாரையும் கட்டிப்போடுகிறவன் இல்லை. ஜெனி சின்னப் பிள்ளையாக இருந்தபோது தர்மபுரிக்கு ஒரு பதவி உயர்வு வந்தது. அப்போதும் ‘உன் இஷ்டம்’ என்றுதான் சொன்னேன். அவளே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். நான் ஒரு வார்த்தை தடுத்துச் சொன்னதில்லை. எங்கள் தெருவில் எந்தப் புருஷன் இப்படி விட்டுக்கொடுப்பான்?

ஆனால் உள்ளுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும், திங்கட்கிழமைக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று வாரம் முழுக்க மனசுக்குள் எழுதி எழுதி அழித்தேன். வீட்டில் வாய் வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும். கடலில் சொல்வோம், அங்கே அவள் எழுந்து அடுப்படிக்குப் போக முடியாது என்று கணக்குப் போட்டேன். இதுதான் என் திட்டம். சிரிக்காதீர்கள், இன்னும் அந்த இடம் வரவில்லை.

சனிக்கிழமை காலையில் போனால் மொத்தமே நாலு பேர். நாங்கள் இரண்டு பேர், வழிகாட்டி, அப்புறம் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு அண்ணாச்சி. சங்கரலிங்கம் என்று பெயர், பாத்திரக்கடை வைத்திருக்கிறார். ஆள் நல்ல கனம். ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டின் பட்டை எட்டாமல் அதற்கு ஒரு கயிற்றை ஒட்டுப்போட்டார்கள். “கடலைக் கரையில நின்னு பாத்துப் பாத்துச் சலிச்சுப்போச்சு சார். ஒருதடவ உள்ள இருந்து கரையப் பாப்போம்னு வந்தேன்” என்றார். அவருக்குத் தனிப்படகு.

வழிகாட்டி நவநீதன். முப்பது வயதிருக்கும். கடற்கரைப் பையனாக இருப்பான் என்று நினைத்தேன். அவன் கோயம்புத்தூர்க்காரன். ஊரில் நொய்யலைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காதவன் கோவாவில் போய்ப் படகு கற்றுக்கொண்டு வந்திருக்கிறான்.

“ஏனுங்க சார், பின்னாடி உக்கார்றவங்கதான் படகைத் திருப்போணும். முன்னாடி உக்கார்றவங்க தாளம் மட்டும் விடாம போட்டாப் போதுமுங்க. யாரு பின்னாடி?”

“நான்தான்” என்றேன். யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னேன் என்று ஹெப்சி பிறகு சொன்னாள்.

இயற்பியல் தெரிந்தவன் திருப்புவதுதானே நியாயம்? வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் திரும்பும். விதி அவ்வளவுதான். படகு அந்த விதியைப் படிக்கவில்லை. நாங்கள் வட்டம் போட்டோம். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி கத்தினாள், “ஐயா, கோயில் கடலுக்குள்ள இல்ல, மேல இருக்கு! அங்க போய்ச் சுத்துங்க!”

என் துடுப்பு ஹெப்சியின் ஹெல்மெட்டில் இரண்டாவது தரம் இடித்தபோது, “இஞ்ச பாருங்க, தண்ணி ரெண்டு பக்கமும் கிடக்கு” என்றாள்.

நவநீதன் பக்கத்தில் வந்து ரொம்ப மரியாதையாகச் சொன்னான். “சார், தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க முன்னாடி வந்துருங்க. மேடம் பின்னாடி உக்காரட்டும்.”

மாற்றினார்கள். படகு நேராகப் போனது. எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். முன்னால் உட்கார்ந்தவனால் திரும்பிப் பார்க்க முடியாது. திரும்பினால் படகு சாயும். நான் கடலைப் பார்த்துக்கொண்டு துடுப்பு போட்டேன். பின்னால் ஹெப்சியும், பக்கத்துப் படகில் நவநீதனும் பேசிக்கொண்டே வந்தார்கள். கோயம்புத்தூரில் குளிர் எப்படி, சிறுவாணித் தண்ணீர் எல்லா ஏரியாவுக்கும் வருமா, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு கிடைக்குமா, புதிதாக வந்தவர்களிடம் அந்த ஊர்க்காரர்கள் எப்படிப் பழகுவார்கள் என்றெல்லாம் கேட்டாள்.

“எங்கூரு ஆளுங்க மரியாதையா பேசுவாங்க மேடம். சண்டை போட்டாக்கூட ‘ங்க’ போட்டுத்தான் போடுவாங்க.”

அவள் சிரித்தாள். பையன் ஊரை விட்டு வந்திருக்கிறானே, அவன் மனசு குளிரட்டும் என்று பேச்சுக் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். நர்சுகளுக்கு அந்தக் குணம் உண்டு.

பாறைகளுக்கு நடுவில் நுழைகிற இடத்தில் ஒரு அலை. பெரிய அலை இல்லை, வாளியில் தண்ணீர் எடுத்து முகத்தில் அடிக்கிற அளவு. முன்னால் இருந்ததால் மொத்தமும் எனக்கு. துடைத்துவிட்டுப் பார்த்தால் உலகமே கஞ்சி மாதிரி இருந்தது. கண்ணாடி போய்விட்டது.

“ஹெப்சி, கண்ணாடி!”

“எங்க?”

“தெரிஞ்சா எடுத்துக்கிட மாட்டேனா?”

அதற்குப் பிறகு அன்றைக்கு நான் பார்த்ததெல்லாம் நிறம் மட்டும்தான். கறுப்பு என்றால் பாறை, நீலம் என்றால் கடல், ஆரஞ்சு என்றால் மனுஷன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றுவாய் மணலில் ஏறினோம். அண்ணாச்சியை நவநீதன் கைத்தாங்கலாக இறக்கினான். மனுஷர் வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். அங்கே ஒரு வீட்டிலிருந்து மரச்சீனிக் கிழங்கும் நெய்மீன் குழம்பும் வந்தது. நான் ரசித்துச் சாப்பிட்டேன். மீனைப் பார்க்க முடியவில்லை, முள்ளைக் கையால் தடவித் தடவி எடுத்தேன். சாப்பிடும்போது மனசு முழுக்க அந்தப் பேச்சுதான். எப்படி ஆரம்பிப்பது? ‘ஹெப்சி’ என்று ஆரம்பிப்பதா, ‘இங்க பாரு’ என்று ஆரம்பிப்பதா? ஹெப்சி பக்கத்தில் வந்து குனிந்து ஏதோ சொன்னாள். நவநீதனும் ஏதோ சொன்னான். நான் தலையாட்டினேன். நான் ‘உன் இஷ்டம்’ என்று வேறு சொன்னேனாம். ஞாபகம் இல்லை. நான் முதல் வரியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அவள் சொன்னது இதுதான். அண்ணாச்சிக்கு முடியவில்லை, தனியாக வர முடியாது. அவர் உங்க கூட இரட்டைப் படகில் வரட்டும், கனமான ஆள் பின்னால் உட்கார்ந்தால்தான் படகு நிற்குமாம். நான் அவருடைய ஒற்றைப் படகில் வருகிறேன்.

இவ்வளவையும் என் காதுக்குப் பக்கத்தில் நின்று சொல்லியிருக்கிறாள். நான் கிழங்கு தின்றுகொண்டிருந்தேன்.

திரும்பப் புறப்பட்டோம். நான் முன்குழியில் போய் உட்கார்ந்தேன். “சார், அலை வருது! திரும்பாதீங்க, முன்னாடி பாத்துப் போடுங்க!” என்று நவநீதன் பின்னாலிருந்து கத்திக்கொண்டே தள்ளினான். பின்னால் ஆள் ஏறியது தெரிந்தது. படகு நன்றாகத் தெரியும்படியே அமுங்கியது. ஆர்க்கிமிடீஸை ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவன் என்ன நினைத்தேன் தெரியுமா? இன்றைக்கு ஹெப்சியும் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்ஷூரன்ஸ்காரரும் இந்த இடத்தில்தான் ஆரம்பித்தார்.

எங்களுக்கு முன்னால் இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள். ஒன்று நவநீதன். இன்னொன்று அண்ணாச்சி என்று நான் முடிவுகட்டிவிட்டேன். காலையில் வாந்தி எடுத்த மனுஷர் இப்போது அம்பு மாதிரி போகிறார்.

“அண்ணாச்சியப் பாரு ஹெப்சி. சோறு உள்ள போனதும் மனுஷன் பிச்சு உதறுதாரு” என்றேன்.

பின்னாலிருந்து பதில் இல்லை. அதில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் பேசுவது நான், கேட்பது ஹெப்சி. வெகுகாலமாக அப்படித்தான்.

கொஞ்ச தூரம் போனதும் படகு ஒரு சீரில் வந்தது. நான் இழுக்கிறேன், பின்னால் துடுப்பு விழுகிறது. நான் இழுக்கிறேன், விழுகிறது. அந்தத் தாளத்தில் என்னவோ ஒரு தைரியம் வந்தது. முகம் தெரியவில்லை. எனக்குக் கண்ணும் தெரியவில்லை. இதைவிட நல்ல சமயம் வராது என்று ஆரம்பித்துவிட்டேன்.

“ஹெப்சி, ஒண்ணு சொல்லுதேன். நடுவுல எதுவும் கேக்காத, கேட்டா நிறுத்திருவேன்.”

பின்னால் துடுப்பு ஒரு தரம் தவறிப் பிறகு விழுந்தது.

“நீ நைட் டூட்டி போற அன்னைக்கெல்லாம் நான் நல்லா தூங்குதேன்னு நெனச்சுட்டு இருக்க. நான் தூங்க மாட்டேன். டிவிய சத்தமில்லாம போட்டுட்டு சோபாவுல உக்காந்திருப்பேன். காலையில உன் ஸ்கூட்டி சத்தம் கேட்டதும் ஓடிப்போய் கட்டில்ல படுத்துக்கிடுவேன். நீ வந்து, கும்பகர்ணன்னு திட்டுவ. அந்தத் திட்டக் கேட்டுட்டுதான் எனக்குக் கண்ணே மூடும்.”

பின்னால் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்தேன். பேச்சில் இன்னும் வேகம் கூடிற்று.

“உன்னப் போவாண்டாம்னு சொல்லணும்னுதான் வாரம் பூரா நெனச்சேன். சாப்பாட்டுக்காகன்னு நெனச்சிராத. ஓட்டல்ல தின்னுக்கிடலாம். வீட்டுக்குள்ள ஒரு சத்தம் வேணும் எனக்கு. நீ ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் சொல்லும்போது நான் பேப்பர்தான் படிக்கேன்னு நீ நெனைக்க. ஒரு வரிகூடப் படிக்க மாட்டேன். மூணாம் நம்பர் வார்டுல காலொடிஞ்சு கிடக்கானே தேங்காய் வெட்டுறவன், அவனுக்கு எப்பக் கட்டுப் பிரிப்பாங்கன்னுகூட எனக்குத் தெரியும்.”

பாறைகள் இரண்டு பக்கமும் கறுப்பாக நகர்ந்தன. படகு ஒரு இடத்தில்கூட இடிக்கவில்லை. காலையில் இதே இடத்தில் நாங்கள் தடுமாறியது நினைவு வந்தது. அவள் என்னை எவ்வளவு அருமையாகக் கொண்டுபோகிறாள் என்று நெஞ்சு விம்மியது. அந்த விம்மலில், நான் எழுதி வைத்ததையெல்லாம் தாண்டிப் போய்விட்டேன், சார். ‘போகாதே’ என்று முடிப்பதாகத்தான் இருந்தேன். வாயிலிருந்து வந்தது வேறு.

“போ ஹெப்சி. இந்த வேலைய நீ எவ்வளவு ஆசப்பட்டன்னு எனக்குத் தெரியும். போ. நானும் வாறேன். பள்ளிக்கூடத்துல விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்துட்டு வந்துருதேன். நியூட்டன் விதிய நான் இல்லன்னா வேற யாராவது நடத்துவாங்க. நான் சமையல் படிச்சுக்கிடுதேன். நான் கூட வரட்டுமா? என்ன சொல்லுத?”

துடுப்பு நின்றது. கடலே நின்ற மாதிரி இருந்தது. பிறகு பின்னாலிருந்து கனத்த ஆண்குரல், ரொம்பத் தயங்கி வந்தது.

“எனக்கென்னமோ சார்… நீங்க போறதுதான் நல்லதுன்னு படுது.”

நான் திரும்பினேன். முழுசாக, இடுப்போடு திரும்பினேன்.

அப்புறம் தண்ணீர்தான். மேலே தண்ணீர், கீழே தண்ணீர், மூக்கில் தண்ணீர். மேலே வந்து பார்த்தால் பக்கத்தில் பெரிய ஆரஞ்சுப் பூசணி ஒன்று மல்லாந்து மிதந்துகொண்டு, “சுடலைமாடா! சுடலைமாடா!” என்று கத்துகிறது. மிதத்தல் விதிக்கு இவரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நான்தான் கையைக் காலை அடித்துக் கடலைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

முன்னால் போன ஆரஞ்சுப் புள்ளி ஒன்று வெட்டித் திரும்பி வந்தது. அதற்கு ஹெப்சியின் குரல் இருந்தது.

“காலத் தூக்குங்க! கீழ பாறை கிடக்கு! ஜாக்கெட்டப் பிடிச்சுட்டு மல்லாந்து கிடங்க. உதறாதிய! உதறாதியன்னு சொல்லுதேன்லா!”

வார்டில் நோயாளியை அதட்டுகிற குரல். கிடந்தேன். அவள் தன் படகின் கயிற்றை என் கையில் சுற்றிவிட்டு, நவநீதன் வரும்வரை என் காலரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படகைத் தனியாக ஓட்டி, அலையில் திருப்பி, பாறையில் இடிக்காமல் எப்படி வந்தாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேட்கவும் இல்லை.

எங்களைக் கட்டி இழுத்து, பக்கத்தில் ஒரு சின்ன மணல் திட்டில் ஏற்றினார்கள். நவநீதன் பிளாஸ்கிலிருந்து பால் விடாத கட்டன்சாயா ஊற்றிக் கொடுத்தான். அண்ணாச்சி என் காதருகே குனிந்து சொன்னார்:

“மன்னிச்சுக்கிடுங்க சார். வாயத் திறக்காதிய, திறந்தா வாந்தி வரும்னு அந்தத் தம்பி சொல்லிட்டாரு. அதான் ஆரம்பத்துலயே சொல்ல முடியல. அப்புறம் நீங்க பேசப் பேச எனக்கே அழுகை வந்துட்டு. வீட்டம்மாகிட்ட இத அப்படியே சொல்லிருங்க சார்.”

“நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி. நீங்க மனசுலயே வச்சுக்கிடுங்க” என்றேன்.

“நம்ம வயித்துல எதுவும் நிக்காது சார். சோறும் நிக்காது, பேச்சும் நிக்காது” என்று சிரித்தார். நல்ல மனுஷர்.

நான் ஒரு பாறை மேல் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி தள்ளிப் போய் ஹெப்சியிடம் நின்று பேசிக்கொண்டிருந்தார். வெகுநேரம் பேசினார். ஒரு ஆரஞ்சு கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறது, இன்னொரு ஆரஞ்சு அசையாமல் நிற்கிறது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. வாந்திக்கு மாத்திரை கேட்டிருப்பார். நர்ஸ் என்று தெரிந்தால் யாரும் விடமாட்டார்கள். கல்யாண வீட்டில்கூட நாக்கை நீட்டிக் காட்டுவார்கள்.

பிறகு ஹெப்சி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரொம்பப் பக்கத்தில். அவள் முகம் எனக்குத் தெரிகிற தூரத்தில்.

“படகுல என்னமோ பேசிட்டே வந்திய போல?”

“சும்மாதான்.”

“என்ன சும்மா?”

“பொதுவா. கடலப் பத்தி.”

அவள் கொஞ்ச நேரம் என் தலையைத் துவட்டினாள். பிறகு மறுபடியும், “எங்கிட்ட எதுவும் சொல்லணுமா?” என்றாள்.

“எதப் பத்தி?”

“திங்கக்கிழமையப் பத்தி.”

சொல்லியிருக்கலாம். எல்லாம் வாயில் இருந்தது, இப்போதுதான் ஒரு தரம் சொல்லிப் பார்த்த பேச்சு. ஆனால் அவ்வளவு நல்ல பேச்சை ஒரு பாத்திரக்கடைக்காரரிடம் சொல்லி முடித்த பிறகு, ஈரச் சட்டையோடு மூக்கில் உப்பு ஒழுக மறுபடி சொல்வதற்கு மனுஷனுக்கு ஒரு கூச்சம் இருக்கும் இல்லையா? பழைய சோறு மாதிரி ஆகிவிடாதா? நாளைக்கு ஆலயம் விட்டு வந்த பிறகு ஆற அமரச் சொல்வோம் என்று நினைத்தேன்.

“உன் இஷ்டம் ஹெப்சி” என்றேன். “எதுன்னாலும் எனக்குச் சம்மதம்.”

“சரி” என்றாள். துண்டை மடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உப்புத்தண்ணி பட்டுட்டு” என்றாள். அன்றைக்குக் கடலில் உப்பு அதிகம்தான், எனக்கும் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜெனி போன் பண்ணிவிட்டாள், அப்புறம் மச்சினன் குடும்பத்தோடு வந்துவிட்டான். திங்கட்கிழமை ஹெப்சி ஏற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்தாள். அந்த மாதக் கடைசியில் போய்விட்டாள். அன்றிலிருந்து மாதத்துக்கு ஒரு தரம் நான் இந்த வண்டியில்.

எனக்கு அவள் மேல் ஒரு வருத்தமும் கிடையாது. ஒரே ஒரு வருத்தம், வீடு. ஒண்டி ஆளுக்கு ஒரு அறை போதாதா? இரண்டு படுக்கையறை உள்ள வீடாக எடுத்திருக்கிறாள். ஒரு அறையில் ஜன்னலோரம் மேசை போட்டு, புத்தகம் வைக்கத் தட்டும் அடித்து வைத்திருக்கிறாள். அவளுக்குப் படிக்க ஏது நேரம்? போன தரம் போயிருந்தபோது, பக்கத்துத் தெருவில் ஒரு டியூஷன் சென்டர் இருக்கிறது, அங்கே இயற்பியலுக்கு ஆள் இல்லாமல் தவிக்கிறார்கள் என்றாள். “பிசிக்ஸுக்கு எல்லா ஊரிலும் தட்டுப்பாடுதான்” என்றேன். அதற்கு முந்தின தரம், விருப்ப ஓய்வுக்கு எத்தனை மாதம் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். மூன்று மாதம் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று விதியை ஒன்றுவிடாமல் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் யாராவது விசாரித்திருப்பார்கள்.

என்ன கேட்டீர்கள்?

அண்ணாச்சி அவளிடம் என்ன பேசினாரா? சொன்னேனே. மாத்திரை.

வெகுநேரம் பேசினார்தான். மாத்திரைக்கு அவ்வளவு நேரம் ஆகாதுதான். கையை ஆட்டி ஆட்டி…

இல்லை. நான் அவரிடம் சொன்னேனே, மனசிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று. அவர்கூட அதற்கு…

இருங்கள், சார்.

அதற்குப் பிறகுதான் அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் பேசி முடித்த பிறகு. ‘என்ன பேசிட்டு வந்திய’ என்றாள். தெரிந்துகொண்டா கேட்டாள்? திரும்பத் திரும்பக் கேட்டாளே. தெரிந்துகொண்டு, என் வாயால் வரட்டும் என்று…

இவ்வளவு பேரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தர்கூட இதைக் கேட்கவில்லை.

கரூர் தாண்டிவிட்டதா? ஈரோடு, திருப்பூர், அப்புறம் வந்துவிடும். ஸ்டேஷனுக்கு எப்போதும் அவள்தான் ஸ்கூட்டியோடு வருவாள். நுழைவாசலிலேயே நிற்பாள். இந்தக் கண்ணாடியில் எல்லாம் நன்றாகத் தெரியும். தூரத்திலிருந்தே முகம் தெரியும்.

என்ன சொல்வேன்? ‘ஹெப்சி, அந்த ரெண்டாவது ரூம் யாருக்கு’ என்று ஆரம்பிக்கலாமா? வேண்டாம், அது வக்கீல் கேள்வி மாதிரி இருக்கிறது. ‘நான் வரட்டுமா’ என்று நேரடியாகவே கேட்டுவிட்டால்? அதற்கு முன்னால் ஒரு வரி வேண்டும் இல்லையா? நான் சொல்லிப் பார்க்கிறேன், நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள். ஹெப்சி, அன்னைக்கு நான் படகுல…

வேண்டாம், சார். மன்னியுங்கள். உங்களிடம் சொல்லிவிட்டேன் என்றால் எனக்குச் சொல்லியாகிவிடும். மனசு அதோடு திருப்திப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடும். நான் அப்படிப்பட்ட ஆள்.

இனி நான் பேசப் போவதில்லை. நீங்களும் எதுவும் கேட்காதீர்கள்.